வண்டி செத்தாலும் ஆர்.சி. சாகாது

கணக்கை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஓடாத ஒரு மாருதி 800-ஐத் தெருவில் விட்டுவைத்ததற்கு என் கையிலிருந்து போனது 15,450 ரூபாய். கடைசியில் அதை உடைக்கக் கொடுத்து வந்தது 11,700. நிகர நஷ்டம் 3,750. இதற்கா இவ்வளவு புலம்பல் என்று தோன்றும். ஒன்பது நாள் விடுப்பும் நான்கு மாத அலைச்சலும் இந்தக் கணக்கில் சேரவில்லை. காலாகாலத்தில் செய்திருந்தால் 15,600 ரூபாய் வரை கைக்கு வந்திருக்கும், வேலையும் ஒரு வாரத்துக்குள் முடிந்திருக்கும். முன்னாடியே எச்சரிக்க எனக்கு ஆள் இல்லை. வீட்டு வாசலில் ஓடாத காரோ ஸ்கூட்டரோ நிற்கிற யாருக்கும் இது நடக்கும் என்பதால் நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

வண்டி 2004-ல் அப்பா பெயரில் பதிவானது. சொந்த உபயோக வண்டிக்குப் பதிவு 15 வருடம் வரைதான் செல்லும். 2019-ல் அது முடிந்தபோது, அடுத்த மாதம் எஃப்.சி. (தகுதிச் சான்று) காட்டிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டோம். 2020-ல் அப்பா போய்விட்டார். அம்மா என் தங்கை வீட்டோடு இருந்துகொண்டார், நான் வெளியூரில். வீட்டைப் பூட்டினோம், வண்டி வாசல் வேப்பமரத்தடியில் நின்றது. விற்க மனசு வரவில்லை என்பதுதான் உண்மை. "அப்பா வண்டிடா, அது பாட்டுக்கு இருந்துட்டுப் போகட்டும்" என்றார் அம்மா.

அது பாட்டுக்கு இருக்கவில்லை. ஆறு மாதத்தில் பேட்டரி இறங்கியது. ஹேண்ட் பிரேக்கைப் போட்டு நிறுத்தியிருந்தேன். இதுதான் நான் செய்த முதல் முட்டாள்தனம். மழைக்காலம் ஒன்று முடிந்ததும் பின் சக்கரத்து பிரேக் ஷூ டிரம்மோடு ஒட்டிக்கொண்டது. மாதக்கணக்கில் நிறுத்தப் போகிற வண்டிக்கு ஹேண்ட் பிரேக் போடக்கூடாது. முதல் கியரில் விட்டுவிட்டு, இரண்டு சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் செங்கல் வைத்தால் போதும். இரண்டாவது வருடம் நான்கு டயரும் தரையோடு படிந்தன. டிக்கி மூடியின் ரப்பர் பீடிங் வெடித்து உள்ளே மழைத் தண்ணீர் தேங்கியது. ஒருமுறை போயிருந்தபோது பானெட்டைத் திறந்தேன். ஏர் ஃபில்டர் பக்கத்தில் தேங்காய் நாரும் கிழிந்த பிளாஸ்டிக் பையும் சேர்த்து அணில் கூடு கட்டியிருந்தது. டிக்கியில் உள்ளங்கையளவு தண்ணீர், அதில் நெளிகிற புழு. ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்க நம் ஊர் வெயிலுக்கு ஏழெட்டு நாள், பத்து நாள் போதும். எதிர் வீட்டு அக்கா பிள்ளைக்கு அந்த வருடம் டெங்கு வந்தது. அது என் வண்டிக் கொசுவா என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனாலும் அவர் முகத்தை நேராகப் பார்க்கக் கூசியது. துடைத்துவிட்டு, பீடிங் கிழிசலில் டேப் ஒட்டிவிட்டு ஊருக்குக் கிளம்பிவிட்டேன்.

நிறுத்திவைத்த வண்டி எந்தக் கட்டத்தில் கேட்பாரற்ற வண்டி ஆகிறது? மோட்டார் வாகனச் சட்டம், 1988, 127-வது பிரிவில் பதில் இருக்கிறது. பொது இடத்தில் 10 மணி நேரமோ அதற்கு மேலோ கேட்பாரின்றிக் கிடந்தால், அந்த எல்லைக்குரிய சீருடை அணிந்த போலீஸ் அதிகாரி அதை இழுத்துப் போகவோ சக்கரத்தைப் பூட்டவோ உத்தரவிடலாம். பத்து மணி நேரம்! நான் நான்கு வருடம் விட்டிருந்தேன். உடைந்தது, எரிந்தது, பாதி பிரித்துப் போட்டது போன்ற வண்டி நிற்கிற இடத்தால் ஆபத்து என்றாலோ, அதன் கோலமே போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்றாலோ அந்த 10 மணி நேரமும் கிடையாது, உடனே எடுக்கலாம். இழுத்த கூலி முழுவதும் உரிமையாளர் தலையில் விழும், அபராதம் தனி. போக்குவரத்தைத் தடுக்கிற மாதிரி நிறுத்தினால் அதே சட்டத்தின் 201-வது பிரிவில் 500 ரூபாய் வரை. பொது வழியை மறித்ததாக, பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 285-வது பிரிவில் வழக்கு போட்டால் 5,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. "என் வீட்டு வாசலில்தானே நிற்கிறது" என்பது செல்லவே செல்லாத வாதம். காம்பவுண்டுக்கு வெளியே ஓர் அடி தள்ளியிருந்தாலும் அது பொதுத் தெரு. வாசல் கூட்டிக் கோலம் போடுவதால் தார் ரோடு நம்முடையது ஆகிவிடாது.

இது போலீஸ் வழி. உள்ளாட்சி வழி வேறு. மாநகராட்சியும் நகராட்சியும் இதைக் குப்பை, கொசு, தெரு ஆக்கிரமிப்பு என்ற கண்ணோட்டத்தில் பார்க்கின்றன. வார்டு சுகாதார ஆய்வாளர் ஒருவர் பிறகு என்னிடம் சொன்னது நினைவிருக்கிறது: "சார், நாங்க வண்டியைப் பாக்க மாட்டோம், வண்டிக்கு அடியில பாப்போம்." அடியில் சருகு மக்கி மண்ணாகியிருந்தால், புல் முளைத்து பம்பரைத் தொட்டால், டயர் நின்ற இடத்தில் தார் குழிந்திருந்தால் அது கணக்கில் வந்துவிடும். பழைய வண்டியாக இருந்தும் நான்கு டயரில் காற்றும், நம்பர் பிளேட்டும், துடைத்த கண்ணாடியும் இருந்தால் பெரும்பாலும் தப்பிக்கும். அடுத்த வீட்டுக்காரர் மனு கொடுத்தால் அதுவும் தப்பாது.

எனக்கு நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள், முறையாகத்தான். முன் கண்ணாடியில் ஒரு தாள்: வண்டி எண், தெரு, தேதி, ஏழு நாளில் அகற்றாவிட்டால் அப்புறப்படுத்தப்படும் என்று ஒரு வரி, கையெழுத்து. ஒட்டிய மூன்றாம் நாள் மழை. பாதித் தாள் வைப்பரில் சுருண்டு கிடந்ததை எதிர் வீட்டு அக்கா பார்த்திருக்கிறார், விளம்பரத் தாள் என்று விட்டுவிட்டார். தபாலிலும் ஒன்று ஆர்.சி.யில் (பதிவுச் சான்றில்) உள்ள முகவரிக்குப் போயிருக்கிறது. அந்த முகவரி 2004-ல் நாங்கள் வாடகைக்கு இருந்த வீடு. வீடு மாறினால் 30 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும், அதற்குப் படிவம் 33 இருக்கிறது என்பது எனக்கு அதுவரை தெரியாது. மத்திய அரசின் வாகனப் பதிவுத் தளமான பரிவாஹனில் பதிவாகியிருந்த கைபேசி எண்ணோ, அப்பா இறந்ததும் நாங்கள் நிறுத்திவிட்ட எண். ஆக மூன்று வழியில் வந்த தகவலும் எனக்கு வந்து சேரவில்லை. குற்றம் சொல்ல ஆளே இல்லை என்பதுதான் எரிச்சல். இதைப் படித்து முடித்ததும் வேறு எதுவும் செய்யாவிட்டாலும் பரவாயில்லை, உங்கள் வீட்டில் எந்தெந்த வண்டி யார் பெயரில், எந்த முகவரியில், எந்த எண்ணில் இருக்கிறது என்று மட்டும் பார்த்துவிடுங்கள்.

பதினோராம் நாள் வண்டியைத் தூக்கிப் போய்விட்டார்கள். எனக்குத் தெரிய வந்தது அதற்கும் மூன்று வாரம் கழித்து. "தம்பி, வண்டியை வித்துட்டீங்களா? சொல்லவே இல்லையே" என்று அக்கா போனில் கேட்டபோதுதான். வயிற்றில் கல் விழுந்த மாதிரி இருந்தது. திருட்டு என்றுதான் முதலில் நினைத்தேன், காவல் நிலையத்துக்கும் போனேன். அங்கே இருந்த ஏட்டு எழுதவே ஆரம்பிக்கவில்லை. "முதல்ல கார்ப்பரேஷன் யார்டுல பாத்துட்டு வாங்க" என்றார். நல்ல மனிதர். பொய்யான திருட்டுப் புகார் ஒன்று பதிவாகியிருந்தால் பரிவாஹனில் வண்டி தடைப்பட்டியலில் ஏறி, அதை இறக்க இன்னொரு இரண்டு மாதம் ஆகியிருக்கும். தெருவில் நின்ற பழைய வண்டியைக் காணோம் என்றால் முதலில் வார்டு அலுவலகம், அடுத்து போக்குவரத்துப் போலீஸ், அதற்குப் பிறகுதான் புகார்.

யார்டில் வண்டி இருந்தது. பேட்டரி இல்லை, ஆல்டர்னேட்டர் இல்லை, இரண்டு சக்கரம் இல்லை. இதில் எது தெருவில் நின்ற காலத்தில் போனது, எது பிறகு போனது என்று என்னால் நிரூபிக்க முடியாது, ஏனென்றால் என்னிடம் ஒரு போட்டோகூட இல்லை. விட்டுவைக்கத்தான் போகிறோம் என்றால் நான்கு பக்கமும், பானெட் உள்ளேயும், சேசிஸ் எண் அடித்த தகட்டையும் தேதியோடு படம் எடுத்து வைத்திருக்க வேண்டும். சேசிஸ் எண் படம் பின்னால் நாலு இடத்தில் உதவும். துரு ஏறிய தகட்டை உப்புத்தாளால் தேய்த்து, மேலே வெள்ளைத்தாள் வைத்துப் பென்சிலால் உரசி எடுக்கும் அச்சு இன்றைக்கும் கேட்கிறார்கள்.

இழுத்த கூலி 2,500. அதற்குமேல் ஒரு நாளைக்கு 100 ரூபாய் தரை வாடகை, அது ஓடிக்கொண்டே இருக்கிறது. கட்டிவிட்டு எடுத்துக்கொள்ளலாம் என்று போனால், "ஆர்.சி. ஓனர் வந்திருக்காரா?" என்றார்கள். ஓனர் இறந்துவிட்டார். அப்படியென்றால் இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, மற்ற வாரிசுகளின் சம்மதக் கடிதம், இனி பொதுத் தெருவில் நிறுத்த மாட்டேன் என்று உறுதிமொழி. வாரிசுச் சான்று நாங்கள் வாங்கியே இருக்கவில்லை. இ-சேவை மையத்தில் பதிந்து, கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் விசாரணை முடிந்து, தாசில்தார் கையெழுத்துக்கு வருவதற்குள் வாடகை மீட்டர் ஓடி மொத்தம் 41 நாள், 4,100 ரூபாய். இறந்தவர் பெயரில் வண்டி இருக்கும் வீட்டுக்காரர்களுக்கு முக்கியமான விதி இது: இறந்த 30 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தகவல் கொடுத்தால், மூன்று மாதம் வரை அந்த வண்டியை உங்கள் பெயருக்கு மாறியது போலவே ஓட்டலாம். அந்த மூன்று மாதத்துக்குள் படிவம் 31-ல் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். துக்க வீட்டில் யாருக்கும் இது நினைவுக்கு வராது. 2021-ல் வந்த திருத்தத்துக்குப் பிறகு வங்கிக் கணக்கு மாதிரியே ஆர்.சி.யிலும் நாமினி பெயர் சேர்க்கலாம். அதைச் சேர்த்துவிட்டால் இந்தப் பாடில் பாதி குறையும்.

அசல் ஆர்.சி. புத்தகமும் எங்களிடம் இல்லை. தொலைந்த ஆர்.சி.க்குக் காவல் நிலையப் படியேற வேண்டியதில்லை. தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்தில் ஆவணம் தொலைந்ததற்கான அறிக்கையை நாமே எடுத்துக்கொள்ளலாம், படிவம் 26-ல் நகல் ஆர்.சி.க்கு அதை இணைக்கலாம். நல்லவேளையாக, விண்ணப்பிக்கும் முன்பே அம்மாவின் பழைய பட்டுப்புடவைக்கு அடியில் புத்தகம் கிடைத்தது. அதில் "ஹைப்போதிகேஷன்" என்று ஒரு முத்திரை, அதாவது வண்டி வங்கிக் கடனுக்கு ஈடாக இருக்கிறது என்று! கடன் 2008-லேயே முடிந்துவிட்டது, ஆனால் வங்கியின் தடையின்மைச் சான்றையும் படிவம் 35-ஐயும் ஆர்.டி.ஓ.வில் கொடுத்து அந்த வரியை நீக்கியிருக்கவில்லை. அது இருக்கும்வரை விற்கவும் முடியாது, உடைக்கவும் முடியாது. வங்கி இணைந்து பெயர் மாறி, கிளையே இடம் மாறியிருந்தது. மூன்று விடுப்பு இதற்கே போனது. கடன் முடிந்த அன்றைக்கே செய்ய வேண்டிய வேலை இது, ஏனென்றால் வங்கிச் சான்றுக்கும் காலாவதி உண்டு.

இடையில் ஒரு கூத்து. பரிவாஹனில் பார்த்தால் 1,000 ரூபாய் சலான் நிலுவையில் இருக்கிறது. எதற்கு? ஹெல்மெட் போடாமல் ஓட்டியதற்கு. காருக்கு! யாரோ வண்டி எண்ணில் ஓர் இலக்கத்தைத் தவறாகத் தட்டியிருக்கிறார்கள். இ-சலான் தளத்தில் ஆட்சேபம் பதியலாம், படத்தைப் பார்த்தாலே ரத்து செய்துவிடுவார்கள். ஆனால் யார்டு வாடகை ஓடிக்கொண்டிருந்த பதற்றத்தில் கட்டித் தொலைத்தேன். நிலுவை இருந்தால் மேற்கொண்டு எந்த விண்ணப்பமும் நகராது. மாதம் ஒருமுறை வண்டி எண்ணைப் போட்டுப் பார்ப்பவர்கள் இதிலிருந்து தப்பிக்கலாம்.

இத்தனைக்கும் நடுவில் சபலம் ஒன்று வந்தது. காயலான் கடைக்காரர் ஒருவர் யார்டு வாசலிலேயே நின்றுகொண்டிருப்பார். "அண்ணே, ஆர்.சி., கீர்.சி. எல்லாம் எதுக்குண்ணே? பேப்பர் வேலை நான் பாத்துக்கறேன், கையில காசு வாங்கிட்டுப் போய்ட்டே இருங்க." உண்மையில், அப்பா இறந்த வருடமே ஒருவர் வீட்டுக்கு வந்து கிலோ 24 ரூபாய் கேட்டார். மாருதி 800 சுமார் 650 கிலோ, அப்படித்தான் அந்த 15,600 கணக்கு. அவரிடம் அன்றைக்கே கொடுத்திருந்தால் என்ன என்று நான் பலமுறை நினைத்ததுண்டு. கொடுக்காததுதான் நல்லது. காயலான் கடையில் இரும்பு உருகிவிடும், பதிவு உயிரோடு இருக்கும். அந்த நம்பர் பிளேட்டை வேறு வண்டியில் மாட்டி ஓட்டினால் சலான் உங்கள் பெயருக்கு வரும். விபத்து நடந்தால் அதைவிட மோசம். விற்றுவிட்டேன் என்று வாயால் சொல்வது போதாது, பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் உரிமையாளர், இழப்பீட்டுக்கு அவர்தான் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018-ல் நவீன் குமார் வழக்கில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. விற்றால் படிவம் 29-ஐயும் 30-ஐயும் வாங்குபவரோடு சேர்ந்து கையெழுத்திட்டு, விற்றவர் 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும். வெற்றுப் படிவத்தில் கையெழுத்துப் போட்டு புரோக்கர் கையில் கொடுப்பது நம் ஊர் வழக்கம். அந்த வழக்கத்தால் சிக்கியவர்கள் ஏராளம்.

காப்பீட்டைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஓடாத வண்டிக்கு எதற்கு இன்சூரன்ஸ் என்று நானும் நிறுத்தியிருந்தேன். சாலையில் அசையாமல் கிடக்கும் வண்டியும் சட்டப்படி "உபயோகத்தில்" இருப்பதாகவே எடுத்துக்கொள்ளப்படலாம். விபத்தில் கவிழ்ந்து கிடந்த பெட்ரோல் டேங்கர் சில மணி நேரம் கழித்து வெடித்த வழக்கில் 1991-லேயே உச்ச நீதிமன்றம் அப்படித்தான் தீர்ப்பு சொன்னது. ராத்திரி இருட்டில் பைக்கில் வந்த ஒருவர் என் மாருதியில் மோதியிருந்தால்? அந்த யோசனை வந்த நாளில் தூங்கவில்லை. காம்பவுண்டுக்குள் நிற்கிற வண்டிக்கும் தெருவில் நிற்கிற வண்டிக்கும் உள்ள பெரிய வித்தியாசம் இதுதான்.

சரி, ஏலத்துக்கே விட்டுவிடலாமே, தொல்லை விட்டது என்று தங்கை கணவர் சொன்னார். பலரும் அப்படித்தான் விடுகிறார்கள். யாரும் கேட்டு வராத வண்டிகளின் எண், ரகம் எல்லாம் பட்டியலாக வெளியாகும், அலுவலகப் பலகையிலும் ஒட்டுவார்கள், காலக்கெடு முடிந்ததும் மொத்தமாக இரும்பு விலைக்குப் போகும். போலீஸ் கைப்பற்றிய உரிமை கோராத வண்டி என்றால், பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக சுரக்ஷா சன்ஹிதாவின் 503-வது பிரிவுப்படி நடுவர் நீதிமன்றம் அறிவிப்பு வெளியிட்டு, உரிமை கோர ஆறு மாதம் அவகாசம் கொடுக்கும். ஏலத்தில் பணம் உங்களுக்கு வராது என்பதைவிட முக்கியமான சங்கதி, ஏலம் போனதும் ஆர்.சி. தானாக ரத்தாகிவிடும் என்று நம்ப முடியாது. வண்டி போனாலும் போகட்டும் என்று விடுபவர்கள் ஏல உத்தரவின் நகலை வாங்கி, பதிவை ரத்து செய்யச் சொல்லி ஆர்.டி.ஓ.வில் மனு கொடுத்து, அதற்கு ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். நிரந்தரமாக உபயோகமற்றுப் போன வண்டியை 14 நாளுக்குள் தெரிவித்து ஆர்.சி.யை ஒப்படைக்க வேண்டும் என்பது மோட்டார் வாகனச் சட்டத்தின் 55-வது பிரிவு.

திரும்ப ஓட்டலாமா என்றும் விசாரித்தேன். 2022 ஏப்ரலிலிருந்து 15 வருடம் தாண்டிய காருக்குப் பதிவுப் புதுப்பிப்புக் கட்டணம் 5,000 ரூபாய், 2025 ஆகஸ்டில் வந்த திருத்தத்தால் 20 வருடம் தாண்டியதற்கு 10,000. அதற்கு மேல் தாமதக் கட்டணம், பசுமை வரி, நான்கு டயர், பேட்டரி, பிரேக், டேங்க் கழுவல். நான்கு வருடம் கிடந்த பெட்ரோல் வார்னிஷ் மாதிரி நாறும், எரிபொருள் போகும் பாதையை அடைத்துவிடும். மெக்கானிக் போட்ட மதிப்பீட்டைப் பார்த்ததும் ஆசையை மடித்து வைத்துவிட்டேன்.

கடைசியில் போனது பதிவு பெற்ற வாகன உடைப்பு மையத்துக்கு. 2021 செப்டம்பரில் வந்த மத்திய விதிகளின்படி நடக்கும் இடங்கள் இவை. எந்த ஊர்ப் பதிவாக இருந்தாலும் நாட்டின் எந்த மையத்திலும் கொடுக்கலாம். பரிவாஹனின் வி-ஸ்கிராப் பக்கத்தில் விண்ணப்பம். அவர்கள் பார்ப்பது நான்கு: கடன் முத்திரை இருக்கிறதா, தடைப்பட்டியலில் இருக்கிறதா, நிலுவை இருக்கிறதா, திருட்டு அல்லது வழக்கு வண்டியா. கேட்ட தாள்கள்: அசல் ஆர்.சி., ஆதார், பான், ரத்து செய்த காசோலை, எங்கள் விஷயத்தில் கூடவே இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, அம்மா, தங்கை இருவரின் நோட்டரி கையெழுத்து வாங்கிய சம்மதக் கடிதம். தாள் செலவு மட்டும் எல்லாமாக 1,850. மையம் 90 கிலோமீட்டர் தள்ளி. கயிறு கட்டி இழுத்துப் போகலாம் என்று நினைக்க வேண்டாம். பின் சக்கரம் சுற்றாது, இரண்டு சக்கரம் இல்லவே இல்லை. தட்டை லாரிதான், 6,000 ரூபாய். ஏற்றும் முன் ஒட்டிய டிரம்மைச் சுற்றிலும் சுத்தியலால் மெதுவாகத் தட்டித் தளர்த்தினார்கள். ஜாக்கி மண்ணில் இறங்காமல் இருக்கக் கீழே பலகை வைத்தார்கள். டேங்கில் மிச்சமிருந்த பெட்ரோலைக் கேனில் வடித்தார்கள். கேஸ் கிட் பொருத்திய வண்டியாக இருந்தால் சிலிண்டரை முன்கூட்டியே கழற்றச் சொல்வார்கள். நம்பர் பிளேட்டை மட்டும் நீங்களாகக் கழற்றாதீர்கள், அடையாளம் பார்க்க அது வேண்டும்.

எடை மேடையில் 585 கிலோ நின்றது. கிலோ 20 ரூபாய் என்று 11,700. பாகங்கள் இல்லாததால் விலையும் இறங்கிவிட்டது. அன்றைக்கே ஒப்படைப்புச் சான்று கொடுத்தார்கள். இதை வைத்துப் புது வண்டி வாங்கினால் பதிவுக் கட்டணம் கிடையாது. சொந்த வண்டிக்கு வரியில் 25 சதவீதம் வரை சலுகை தரலாம் என்று மத்திய விதி மாநிலங்களுக்கு இடம் கொடுக்கிறது. நமக்குப் புது வண்டி வேண்டாம் என்றால் இந்தச் சான்றை இன்னொருவருக்கு மாற்றியும் கொடுக்கலாம். உடைத்து முடிந்ததும் வருவது இரண்டாவது தாள், உடைப்புச் சான்று. இரண்டும் வேறு வேறு. முதல் தாளோடு திருப்தியாகி வீட்டுக்குப் போய்விடக்கூடாது.

எதிர்ப்பக்கத்தில் இருப்பவர்களுக்கும் சில வார்த்தை. உங்கள் தெருவில் யாருடைய வண்டியோ கிடக்கிறதா? முதலில் சாக்பீஸ் எடுத்துக்கொள்ளுங்கள். டயர் தரையைத் தொடும் இடத்தில் டயரிலும் ரோட்டிலும் சேர்த்து ஒரு கோடு. காற்றடிக்கும் வால்வு கடிகார முள்போல எங்கே நிற்கிறது என்று ஒரு படம். பதினைந்து நாள் கழித்து அதே கோணத்தில் இன்னொரு படம். வால்வு அதே நாலு மணியில் நின்றால் வண்டி அசையவில்லை என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். எம்-பரிவாஹனில் எண்ணைப் போட்டால் பதிவு, காப்பீடு உயிரோடு இருக்கிறதா என்று தெரியும். மனுவில் வண்டி எண், நிறம், கதவிலக்க அடையாளம், எத்தனை நாளாக, என்ன தொல்லை என்று எழுதுங்கள். "அசிங்கமாக இருக்கிறது" என்று மட்டும் எழுதினால் நகராது. குப்பை வண்டி திரும்ப முடியவில்லை, உள்ளே தண்ணீர் தேங்கிப் புழு இருக்கிறது, ஆம்புலன்ஸ் நுழையாது என்று எழுதுங்கள். புழு இருக்கிறது என்றால் சுகாதார ஆய்வாளர் மறுநாளே வருவார். சென்னைக்காரர்களுக்கு மாநகராட்சியின் 1913 இருக்கிறது. எங்கே கொடுத்தாலும் புகார் எண் வாங்காமல் விடாதீர்கள்.

வண்டியின் மேல் பெயிண்டில் குற்ற எண் எழுதியிருந்தால் அது வழக்குச் சொத்து, மாநகராட்சி தொடாது. அதற்கு மனு காவல் நிலையத்துக்கும் நீதிமன்றத்துக்கும்தான். கைப்பற்றிய வண்டிகளை நிலைய வாசலில் மக்கவிடக்கூடாது என்று 2002-ல் சுந்தர்பாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதை மனுவில் ஒரு வரி சேர்க்கலாம். நம்பர் பிளேட்டே இல்லாத வண்டி திருட்டு வண்டியாக இருக்கலாம், கை வைக்காமல் போலீசிடம் சொல்லுங்கள். அடுக்குமாடிக் குடியிருப்புக்குள் கிடப்பது பொது இடம் ஆகாது, 127-வது பிரிவு அங்கே உதவாது. சங்கம் சார்பில் ஆர்.சி. உரிமையாளருக்குப் பதிவுத் தபாலில் கெடு வைத்துக் கடிதம், அதற்கும் அசையாவிட்டால் கொசுவைக் காரணம் காட்டிச் சுகாதாரப் பிரிவுக்கு மனு. யார் சொன்னாலும் நீங்களாகக் காயலான் கடைக்காரரைக் கூப்பிட்டு ஏற்றி அனுப்பாதீர்கள். எவ்வளவு துருப்பிடித்திருந்தாலும் அடுத்தவர் வண்டியை விற்றால் அது திருட்டு.

என் வண்டிக்கு உடைப்புச் சான்று ஒப்படைத்த பன்னிரண்டாம் நாள் வந்தது. பரிவாஹனில் நிலை மாற இன்னும் ஐந்து நாள். அதுவரை தினமும் ராத்திரி சாப்பிட்டுவிட்டு எண்ணைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். ரத்து என்று காட்டிய அந்தத் திரையை அச்செடுத்து, அப்பாவின் இறப்புச் சான்று இருக்கிற அதே கோப்பில் வைத்திருக்கிறேன்.